பச்சை டேப் சுற்றிய வயர்

அத்தியாயம் 9

கேபிளைப் பிடுங்கிப் போட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. வாசல் மணி அடித்தது.

ஒருமுறை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறவர்களின் மணி அல்ல அது. விரலை வைத்த ஆள் எடுக்க மறந்துவிட்டதுபோல அலறிக்கொண்டே இருந்தது.

"வரேங்க, வரேன். வீடு என்ன ஓடியா போயிடும்?" என்று சின்னவன் துண்டால் தலையைத் துவட்டியபடியே எழுந்தான். "வயர்லெஸ் கம்பெனிக்காரன்தாம்மா. நாம சரின்னு சொல்றதுக்கு முன்னாடியே கிளம்பி வந்துட்டான் பாரு."

மைனா நகரவில்லை. கூடத்து மூலையில் தரையில் உட்கார்ந்து, பிடுங்கிய வயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வீட்டை வாராவாரம் எட்டிப் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். புதிதாக வருகிறவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். இங்கே நான்கு மாதமாக எந்த முடிவும் எடுக்கப்படவில்லை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மைனாவின் கணவர், ஒரு நாள் காலையில் வழக்கம்போல எல்லோரையும் கிண்டல் செய்துவிட்டு வேலைக்குப் போனார். ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்விட்டார். இதயம் என்றார்கள்.

நெஞ்சு வலிக்கிறது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. மைனாவால் இன்றுவரை விழுங்க முடியாதது அதுதான். ஒரு வார்த்தை சொல்லாமல் போகிற ஆளா அவர்? மூச்சு விடாமல் பேசுகிறவர். தூக்கத்தில்கூட யாரிடமோ வம்பளக்கிறவர்.

மைனா என்பதே அவர் வைத்த பெயர்தான். அவள் நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். "எனக்குன்னு வாய்ச்சது பாருங்க, வாயாடி மைனா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அவள் வேலை பார்க்கும் நூலகத்தில்கூட இப்போது அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வைத்தவர் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

வயர்களும் அவர் கைவேலைதான். இந்த வீட்டில் ஒரு வயர்கூடக் கோணலாக ஓடாது. சுவரோரம் நூல் பிடித்த மாதிரி போகும், மூலையில் வளையும், ஒவ்வொரு சாண் தூரத்துக்கும் ஒரு கிளிப். எது எங்கே போகிறது என்று தெரிய நுனியில் கலர் டேப் சுற்றியிருப்பார். சிவப்பு சின்னவனின் கம்ப்யூட்டருக்கு. மஞ்சள் பெரியவளின் அறைக்கு. வெள்ளை டி.வி.க்கு. பச்சை ஜன்னல் மூலையில் ஒரு ஓட்டை வழியாக வெளியே போய், மாடிக்கு ஏறிவிடும்.

"பச்சை எதுக்குப்பா?" என்று சின்னவன் ஒருமுறை கேட்டான்.

"அது என் சட்டைக்குப் போற வயர்டா."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் பேச்சில் பாதி அப்படித்தான் இருக்கும்.

அவர் போனபின் கேபிள் வழி வரும் இன்டர்நெட் இணைப்பு மக்கர் பண்ண ஆரம்பித்தது. மழை பெய்தால் நிற்கும், காற்றடித்தால் தடுமாறும். முன்பெல்லாம் அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டு வருவார், சரியாகிவிடும். இப்போது கேபிள் கம்பெனிக்குப் போன் செய்தால், ஆள் வருவார் என்று ஒரு குரல் மட்டும் வருகிறது.

அப்போதுதான் வயர்லெஸ் பேச்சு எழுந்தது. வயர் வேண்டாம், ஓட்டை வேண்டாம், மாடி ஏற வேண்டாம். பிளக்கில் சொருகினால் போதும். வெள்ளை வெளேரென்று சின்னப் பூச்சாடி மாதிரி ஒரு பெட்டியை விற்பனையாளர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். இன்றோடு வாரம் முடிகிறது.

சின்னவனுக்கு கேபிள்தான் வேண்டும். விளையாட்டில் சுடுவதற்குள் இவனைச் சுட்டுவிடுகிறார்களாம், வயர்லெஸ் போட்டால். அவன் காரணம் அவனுக்கு.

பெரியவள்தான் மைனாவைக் குழப்பினாள். அவள் வீட்டிலிருந்தபடி ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறாள். காலையிலிருந்து மாலை வரை தலையில் மைக் மாட்டிக்கொண்டு, யார் யாரோ திட்டுவதைக் கேட்டுப் பணிவாகப் பதில் சொல்லும் வேலை. பேச்சு நடுவில் அறுந்தால் அவள் மேல்தான் பழி. அறுபடாத இணைப்பு இந்த வீட்டில் யாருக்காவது தேவை என்றால் அவளுக்குத்தான். அவளோ முதல் நாளிலிருந்து வயர்லெஸ் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"கேபிளை மொத்தமா எடுத்துடும்மா. சுவரெல்லாம் வயரா இருக்கு, பார்க்கவே பிடிக்கலை."

அப்பாவின் கைவேலையைக் கண்ணெதிரே பார்க்க முடியவில்லை போலிருக்கிறது, பாவம், என்று மைனா நினைத்துக்கொண்டாள். தனக்கோ அந்தச் சுவரைத் தவிர வேறெதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒரே வீட்டில் துக்கம் இரண்டு திசையில் இழுக்கிறது. சரி, இன்று ஒரு நாள் கேபிள் இல்லாமல் இருந்து பார்க்கலாம் என்று அவளே குனிந்து எல்லாவற்றையும் பிடுங்கினாள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை. கடைசியாகப் பச்சை.

இப்போது வாசலில் மணி நின்றது. ஆனால் பேச்சுக்குரல் ஒன்றுமட்டும்தான் கேட்டது, அதுவும் சின்னவனுடையது.

"யாருங்க வேணும்? யாரு வேணும்னு கேக்கறேன். என்னங்க நீங்க, கதவைத் திறந்தா உள்ளயே பார்க்கறீங்க?"

மைனா எழுந்து வந்தாள். வாசலில் ஒல்லியாக ஒருவர் நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் துணி அளக்கும் நாடா எடுக்க மறந்து தொங்கியது. சின்னவனின் தோளுக்கு மேலாக எட்டி, கூடத்து மூலையையே பார்த்தார். விளக்கு அணைந்து கிடந்த கேபிள் பெட்டியை.

அவர் தன் காதைத் தொட்டுக் காட்டி, உள்ளங்கையை ஆட்டினார்.

"காது கேக்காதாம்மா," என்றான் சின்னவன். சுருதி இறங்கிவிட்டது.

"என்ன வேணுங்க?" என்று மைனா குரலை உயர்த்தி, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டாள். கேட்டபிறகுதான் தன் அசட்டுத்தனம் உறைத்தது.

அந்த மனிதர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பழகிப்போனவர்போல லேசாகச் சிரித்து, தன் போனை நீட்டினார். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போனைக் காட்டினார், பெட்டியைக் காட்டினார். பிறகு மாடியைக் காட்டி, அங்கிருந்து பின்சந்துப் பக்கம் விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்து, கோட்டின் முடிவில் தன் நெஞ்சைத் தொட்டார்.

சின்னவன்தான் முதலில் பிடித்தான். "அம்மா, அந்தப் பச்சை வயர். அது இவர் வீட்டுக்குப் போகுது."

மைனா மாடிப்பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். தன் வீட்டிலிருந்து ஒரு வயர் புறப்பட்டு, மாடி ஏறி, சந்தைத் தாண்டி, இன்னொரு வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது. தெரியாமல். இத்தனை நாளாக.

வந்தவர் இப்போது இரண்டு கைகளையும் சேர்த்துவைத்து, கதவு திறப்பதுபோல விலக்கினார். பிறகு ஒரு உள்ளங்கையைத் தட்டையாக விரித்து மெல்ல மேலே தூக்கினார். புருவத்தையும் கூடவே உயர்த்தினார்.

மறுபடியும் அதையே செய்தார். கதவு. மேலே போகிற கை. எங்கே?

"லிஃப்ட்," என்றான் சின்னவன். "அம்மா, இவர் அப்பாவைக் கேக்கறார்."

இவருக்குத் தெரியாது. வாயால் சொல்லிச் சொல்லி மரத்துப்போன செய்தி அது. சொந்தக்காரர்களுக்கு, நூலகத்துக்கு, வங்கிக்கு, கேபிள் கம்பெனிக்கு என்று எல்லோரிடமும் சொன்னாகிவிட்டது. வாயில்லாமல் அதை எப்படிச் சொல்வது? மைனாவின் கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டன.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் பார்வை சின்னவனின் சட்டையில் போய் நின்றது.

சின்னவன் கொஞ்ச நாளாக அப்பாவின் சட்டைகளைத்தான் போட்டுக்கொள்கிறான். தோள் இன்னும் நிறையவில்லை, கையை மடித்துவிட்டிருப்பான். சாம்பல் நிறச் சட்டை. நெஞ்சுப் பையை ஒட்டி இன்னொரு ஒடுக்கமான பை, ஒரு விரல் அகலம்தான் இருக்கும். மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்டரைச் செருகிவைக்க. குனிந்தாலும் விழாதபடி வாயில் ஒரு சின்ன மடிப்பு.

வந்தவர் கையை நீட்டி அந்த ஒடுக்கமான பையைத் தொட்டார். உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். காலி. சின்னவனின் முகத்தைப் பார்த்தார். பிறகு மைனாவை.

மைனா தலையைக்கூட அசைக்கவில்லை. அவள் கண்ணிலிருந்து அவர் படித்துக்கொண்டார்.

கதவு நிலையைப் பிடித்தபடியே அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தனக்கே கேட்காத சத்தம் என்பதால் அதை அடக்க அவருக்குத் தெரியவில்லை. மைனா தன் வாழ்நாளில் அப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்லை. நான்கு மாதத்தில் இந்த வீட்டில் யாரும் அவ்வளவு வெளிப்படையாக அழுததுமில்லை.

சின்னவன் தண்ணீர் கொண்டுவந்தான். அவர் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மைனாவை நிமிர்ந்து பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உதட்டுக்கு முன்னால் சேர்த்து, அலகுபோல இரண்டுமுறை திறந்து மூடினார். அவளைச் சுட்டிக்காட்டினார்.

மைனா.

முன்பின் பார்த்திராத ஒரு மனிதருக்கு அவள் யார் என்று தெரியும். அந்தப் பெயரும் தெரியும். வைத்த ஆள் அதைக் கையால் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"அப்பாவுக்கு இந்தப் பாஷை தெரியுமாம்மா?" என்று சின்னவன் கேட்டான்.

"எனக்கு எப்படிடா தெரியும்?"

அந்தப் பதிலில் இருந்த கோபம் அவளையே திடுக்கிடவைத்தது. இருபத்து சொச்சம் வருஷம் ஒரே வீட்டில் இருந்தாயிற்று. அவர் எந்தப் பக்கம் படுப்பார், எந்த வார்த்தையில் இடறுவார் என்பதெல்லாம் அத்துப்படி. சட்டை எங்கே தைக்கிறார் என்று கேட்டால், "இங்க பக்கத்துல ஒருத்தர்" என்பார். அதற்கு மேல் கேட்கத் தோன்றியதில்லை. ஆக, சட்டைக்குப் போகிற வயர். அவர் பொய் சொல்லவில்லை. நிஜத்தைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்திருக்கிறார்.

உள்ளறைக் கதவு திறந்தது. பெரியவள் தலையில் மாட்டிய மைக்கைக் கையால் மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா சத்தம்? நான் லைன்ல இருக்கேன்." அப்போதுதான் நிலையோரம் உட்கார்ந்திருந்தவரைக் கண்டாள். கண் ஒரு கணம் அங்கேயே நின்றது. "அவரை அப்புறம் வரச் சொல்லிடு. இன்னிக்கு வேணாம்."

கதவு சாத்திக்கொண்டது.

மைனாவுக்கு எதுவோ நெருடியது. என்னவென்று பிடிபடவில்லை. பிறகுதான் பிடிபட்டது. வந்திருப்பவர் யார் என்று பெரியவள் கேட்கவில்லையே.

அதற்குள் தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துவிட்டார். திரையில் ஒரு பெண்ணின் படம், மடியில் கைக்குழந்தை. மகள் என்று சைகையால் காட்டினார். அவளிடம் சொல்ல வேண்டும். உடனே.

"நம்ம வெள்ளைப் பெட்டியில சேர்த்து விடறேன் இருங்க," என்று சின்னவன் அவர் போனை வாங்கி எதையோ தட்டினான். அழைப்பு போனது. எங்கோ ஒரு வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் ஒரு முகம் தெரிந்தது.

"அப்பா?" என்ற குரல் தெளிவாகவே வந்தது. கூடவே கையையும் அசைத்தாள். ஆனால் படம் ஓடவில்லை. வந்து நின்றது. முகம் ஒரு பக்கம், கை ஒரு பக்கம், நடுவில் கட்டம் கட்டமாக ஏதோ.

தையல்காரர் சொன்னார். கதவு, மேலே போகிற கை. பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கன்னத்தருகே கொண்டுபோய், மெதுவாகக் கவிழ்த்தார்.

"அப்பா, கை தெரியலை. உறைஞ்சு நிக்குது. மறுபடி காட்டுங்க," என்று அந்தப் பெண் சொன்னாள். அவருக்குக் கேட்காது. அவள் புருவம் நெரிவதைத் துண்டு துண்டாகப் பார்த்து அவரே புரிந்துகொண்டு, மறுபடி காட்டினார். கதவு. மேலே போகிற கை. கவிழ்கிற கைகள்.

படம் துடித்து நின்றது.

பேச்சு விட்டுவிட்டு வந்தால் காது இட்டு நிரப்பிக்கொள்ளும். கையில் பாதி போனால் மீதியும் போச்சு. மறுபடியும் காட்டினார். தன் நண்பன் செத்துப்போனதை அந்த மனிதர் எத்தனை முறைதான் சொல்வார்? ஒவ்வொரு முறையும் கை இன்னும் மெதுவாக, இன்னும் பெரிதாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

மைனா விறுவிறுவென்று மூலைக்குப் போனாள். குனிந்து கேபிளை எடுத்துப் பெட்டியில் செருகினாள். பவர் பிளக்கைப் போட்டாள். பச்சை டேப் சுற்றியதை அதன் துளையில் வைத்து அழுத்தியபோது, 'டிக்' என்று அது உட்கார்ந்த சத்தம் அவளுக்கு யாரோ பதில் சொன்னதுபோல இருந்தது.

"அம்மா, அக்கா திட்டுவா," என்றான் சின்னவன்.

"திட்டட்டும்."

பெட்டியில் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. தையல்காரர் போனை யாரும் தொடவில்லை. அது தானாகவே இந்த வீட்டு வைஃபையில் போய் ஒட்டிக்கொண்டது, பழக்கப்பட்ட மாடு தொழுவத்துக்குள் நுழைவதைப்போல.

"இதுல பாஸ்வேர்டு ஏற்கெனவே இருக்கும்மா," என்றான் சின்னவன் மெதுவாக. "இவர் நம்ம வீட்டுக்கு வந்திருக்கார்."

மைனா நூலகத்துக்குப் போயிருந்த ஏதோ ஒரு நேரத்தில் வந்திருக்கிறார். இந்தக் கூடத்தில், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு ஆண்கள் சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சாயந்திரம் வந்து அவள் வீட்டைக் கூட்டியிருப்பாள், ஒன்றும் தெரியாமல்.

படம் இப்போது கண்ணாடிமாதிரி வந்தது. தையல்காரர் கடைசியாக ஒருமுறை சொன்னார். அந்தப் பெண்ணின் கை அந்தரத்தில் நின்றது. இம்முறை இணைப்பின் கோளாறு அல்ல.

பிறகு அவள் கையை இறக்கினாள். "பக்கத்துல இருக்கறது மைனா அத்தையா?"

"ஆமாம்மா."

"எங்களுக்குத் தெரியாது அத்தை. சத்தியமாத் தெரியாது. என் பிரசவத்துக்குன்னு அப்பா இங்க வந்துட்டார். நேத்துதான் ஊர் திரும்பினார். மாமா போன் அணைஞ்சே கிடந்தது. கோவிச்சுக்கிட்டார்னு நினைச்சோம்." மூக்கை உறிஞ்சினாள். "அப்பா ஒரு தடவை லிஃப்ட்ல மாட்டிக்கிட்டார். வெளியில இருந்து எல்லாரும் பயப்படாதீங்கன்னு கத்தியிருக்காங்க. அவருக்கு என்ன கேக்கும்? இருட்டுல தனியா. மாமாதான் கதவை ஒரு கை அளவு திறந்து, டார்ச்சைத் தன் கை மேல அடிச்சு, இரு, வரேன்னு விரலால காட்டினாராம். அப்ப ஆரம்பிச்ச சிநேகம். எங்க சந்துல சிக்னலே கிடையாது, சுத்தி உயரமான கட்டடம். வீட்டுக்காரர் கேபிளுக்குச் சுவரைத் துளைக்க விடமாட்டார். மாமாதான் கூரை வழியா வயர் இழுத்துக் கொடுத்தார். எதுவும் வேணாம், சட்டை தைச்சுக் கொடுங்கன்னார்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லலை?" மைனா போனருகே குனிந்தாள்.

"உங்ககிட்ட சொல்லணும்னுதான் அத்தை..." அந்தப் பெண் நிறுத்தினாள். "மாமா கடைசியா ஒரு வீடியோ அனுப்பினார். அப்பாவுக்கு. என் போனுக்குத்தான் வந்தது. அதைப் பார்த்துட்டு அப்பா, வீட்ல சொல்லு, இல்லன்னா நான் வந்ததும் நேரா போய்ச் சொல்லுவேன்னு பதில் காட்டி அனுப்பினார். அதுக்கப்புறம்தான் மாமாகிட்டேருந்து ஒண்ணுமே வரலை."

பேசிக்கொண்டே அவள் கையும் அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும். தையல்காரர் சட்டென்று போனைத் தன் உள்ளங்கையால் மூடினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். திரும்பி மைனாவைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

"அப்பா வேணாங்கறார்," என்றது அவர் கைக்கு அடியிலிருந்து குரல். "ஆனா அது உங்க சொத்து அத்தை."

மைனா அவர் கையை எடுத்து அப்பால் வைத்தாள். அந்நிய ஆடவர் ஒருவரின் கையை அவள் தொட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும். "அனுப்பும்மா," என்றாள்.

வந்துவிட்டது. காத்திருக்கவே வைக்கவில்லை. சின்னவன் விரலால் தொட்டான்.

மோட்டார் அறை. பின்னால் எண்ணெய்க் கறை படிந்த சக்கரம். அதன்முன் அவர் நின்றிருந்தார், சாம்பல் நிறச் சட்டையில், ஒடுக்கமான பையில் டெஸ்டரோடு. போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய், தலைமுடியைக் கோதிக்கொண்டார். பிறகு பேச ஆரம்பித்தார்.

சத்தமில்லை. உதடு அசையவில்லை. வாய் ஓயாத மனிதர் வாயை மூடிக்கொண்டிருப்பதை மைனா இதற்கு முன்பு ஒருமுறைதான் பார்த்திருக்கிறாள். அன்று அவருக்கு உயிரில்லை. ஆனால் இங்கே கைகள். ஸ்க்ரூ முடுக்கிக் காய்த்துப்போன அந்தக் கைகள் இவ்வளவு மெதுவாக, இவ்வளவு தயக்கத்தோடு நகரும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு சொல்லைக் காட்டிவிட்டு அடுத்ததற்குத் திணறினார். எழுதிக்கொண்டே அடித்துத் திருத்துகிறவர்போல.

அவருடைய வலது கை நெஞ்சுக்குப் போனது. இடப்பக்கம். விரல்களை மடக்கி, இறுக்கி, பிறகு விட்டார்.

மறுபடியும் இறுக்கினார்.

யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சின்னவன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அதன்பின் அவர் விரல்கள் உதட்டுக்கு வந்து அலகாகின. திறந்து மூடின. மைனா. அந்தக் கையாலேயே, இல்லை இல்லை என்று காற்றை அழித்தார். ஒரு விரலை உதட்டின் குறுக்கே வைத்தார்.

"அவர் தெரிஞ்சே..." என்றாள் மைனா. தெரிந்திருக்கிறது. தெரிந்தே காலையில் கிண்டல் செய்திருக்கிறார். தெரிந்தே மாடி ஏறியிருக்கிறார். வாயால் சொன்னால் தாங்காது என்று, கையால் சொல்ல ஒரு ஆளைத் தேடிப் போயிருக்கிறார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு அத்தை," என்றது குரல். "அடுத்து வர்றது மட்டும் எங்களுக்குப் புரியலை. பாருங்க. வீட்ல ஒருத்தருக்கு மட்டும் சொல்லியிருக்கேங்கறார். ஆளுக்கு ஒரு அடையாளம் வைப்பார் இல்லையா, அந்த அடையாளம் யாருன்னு தெரியலை."

திரையில் அவர் லேசாகச் சிரித்தார். பிறகு வலது கையைத் தலைக்கு மேல் வளையம்போல வைத்து, காதுவரை இறக்கி, அங்கிருந்து ஒரு விரலை வளைத்து வாய்க்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

காது. வாய். இரண்டையும் இணைக்கும் ஒரு விரல்.

வீடியோ முடிந்து, கடைசிக் காட்சியில் அப்படியே நின்றது.

மேஜைமேல் மைனாவின் போன் அடித்தது. வயர்லெஸ் விற்பனையாளரின் எண். கேபிளா வயர்லெஸ்ஸா, இன்றைக்குள் சொல்வதாகப் பேச்சு. அடித்து அடித்து அதுவாகவே ஓய்ந்தது.

முதலில் திரும்பியவர் தையல்காரர்தான். அவருக்குக் கதவு திறந்த சத்தம் கேட்டிருக்காது. தரையில் விழுந்த நிழலைப் பார்த்திருப்பார். நிமிர்ந்து பார்த்த வேகத்தில் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

உள்ளறை வாசலில் பெரியவள் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. தலையில் வளையம். அங்கிருந்து வாய்க்கு வளைந்து வந்த மைக். காதுப் பக்கத்திலிருந்து யாரோ ஒருவர், "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கத்துவது கூடம்வரை சன்னமாகக் கேட்டது.

அவள் கண் போன் திரையில் இருந்தது. திரையில் அப்பா அவளைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பிறகு அவள் மூலையைப் பார்த்தாள். விளக்குகள் ஓடிக்கொண்டிருந்த பெட்டியை. பச்சை டேப்பை. அப்பா தன்னிடம் மட்டும் சொன்னது இந்த வயர் வழியே அம்மாவுக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் முதல் நாளிலிருந்து இவள் பிடுங்கச் சொன்னாள் என்று மைனாவுக்கு அந்தக் கணத்தில் விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

"அக்கா," என்றான் சின்னவன்.

மைனா விரலை நீட்டி, வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட விட்டாள். அவர் மீண்டும் பின்னால் நகர்ந்து, தலைமுடியைக் கோதிக்கொண்டார். கை நெஞ்சை நோக்கிக் கிளம்பியது.

பெரியவள் தலையிலிருந்த மைக்கைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அதற்குள்ளிருந்து குரல் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"நிறுத்தும்மா," என்றாள். "நானே சொல்றேன்."